எந்திரிக்கிற வரைக்கும்

அது லேப்டாப் பைதானேம்மா? கீழ வைக்காதீங்க. முன் சீட்டுக்காரர் கேனைச் சரியா மூடலை, தண்ணி ஓடி வருது பாருங்க. மடியிலயே வச்சுக்கங்க, நான் தள்ளி உக்காந்துக்கிறேன்.

கம்ப்யூட்டர்லதான் வேலையா? டைப் அடிக்கிற வேலையா, இல்ல இந்த ப்ரோக்ராம் எழுதுவாங்களே, அதுவா? அதேவா! நல்லதாப் போச்சு. அந்த வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா எனக்கு. ஓசூர்ல தங்கச்சி மகன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட கேட்டா, எதுக்குப் பெரியம்மா கேக்குறீங்கன்னு திருப்பிக் கேப்பான். நீங்க கேக்க மாட்டீங்க. நீங்க யாரோ, நான் யாரோ.

நான் டீச்சர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துல தொடக்கப் பள்ளி. ஊர் பேரு வேண்டாம். மூணு டீச்சர், எழுபத்தோரு பிள்ளைங்க. எனக்கு மூணாங்கிளாஸும் நாலாங்கிளாஸும் சேத்து. வாய்ப்பாடு, செய்யுள், கழித்தல் கணக்கு, எது வேணாலும் குடுங்க, நடத்திருவேன். எழுத்தே தெரியாத பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாலும் மூணு மாசத்துல வாசிக்க வச்சிருவேன். பெருமைக்குச் சொல்லலை. ஊர்ல போய் விசாரிச்சுப் பாருங்க. அட, ஊர் பேரு சொல்லலையே, எங்க போய் விசாரிப்பீங்க.

போன வருஷம் ஜூன்ல எங்க ஊர்க்காரர் ஒருத்தர், சிங்கப்பூர்ல இருக்கார், நாலு பழைய லேப்டாப் அனுப்பி வச்சார். அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது. ஹெட்மாஸ்டர் பாக்கியநாதன் சார் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், பிள்ளைங்களுக்கு கோடிங் சொல்லிக் குடுங்க"ன்னார்.

"எனக்கே தெரியாதே சார்."

"ரெண்டு நாள் ட்ரெயினிங் போடுறாங்க. போயிட்டு வந்தா தெரிஞ்சிரும்."

போனேன். அறுபது டீச்சர், ஒரு ஹால், ஒரு திரை. சொல்லிக் குடுக்க வந்தவர் சின்ன வயசு. கடகடன்னு போனார். ஒரு பூனை வந்துச்சு. பக்கத்துல கலர் கலரா கட்டை. ஒவ்வொரு கட்டையிலயும் ஒரு கட்டளை, தமிழ்லயே எழுதியிருக்கும். நட. திரும்பு. காத்திரு. கட்டையை இழுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கினா பூனை அது மாதிரியே செய்யும். உங்களுக்குச் சொல்லணுமா, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். எல்லாருக்கும் புரிஞ்சுதான்னு கேட்டார். புரிஞ்சுதுன்னு அறுபது பேரும் சொன்னோம். நாங்க கேக்குறப்ப பிள்ளைங்க எப்படிச் சொல்லுதுங்கன்னு அன்னைக்குத்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து நோட்டுல எழுதி எழுதிப் பாத்தேன். கடைசியில மூணே விஷயம்தான். வரிசையா செய்யறது ஒண்ணு. 'என்றால்'னு ஒரு கட்டை, மழை வந்தால் குடை பிடி, அந்த மாதிரி. அப்புறம் 'திரும்பச் செய்'. இந்த மூணையும் பிடிச்சுக்கிட்டேன். ஐம்பத்திரெண்டு வயசுல புதுசா ஒண்ணு கத்துக்கிட்டோம்ங்கிற சந்தோஷம் இருக்கே, அது உங்களுக்கு இப்பப் புரியாது.

மொதல்ல லேப்டாப்பைத் தொட விடலை. நோட்டுலதான். "காலையில எந்திரிச்சதுலேருந்து பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் என்னென்ன செய்றீங்க, ஒவ்வொண்ணா வரிசையா எழுதுங்க. அதான் ப்ரோக்ராம்." பிள்ளைங்க எழுதுச்சு. எந்திரி. பல் விளக்கு. குளி. சாப்பிடு. ஒருத்தன் எருமையை அவுத்துக் கட்டுன்னு எழுதியிருந்தான், கை தட்டச் சொன்னேன்.

இலக்கியான்னு ஒரு பிள்ளை. மூணாங்கிளாஸ். இந்தப் பிள்ளையைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். அப்பா மலேசியாவுல ஹோட்டல் வேலை. வீட்டுல அம்மாவும் இதுவும் மட்டும்தான். அம்மா பேரு மலர்க்கொடி. யார்கூடயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாது. பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. எனக்கு அதுல ஒரு கோவம். இந்தப் பிள்ளை வாரத்துக்கு ஒரு நாளாவது லேட்டா வரும், அதுல இன்னொரு கோவம். ஏன் லேட்டுன்னா, "தூங்கிட்டேன் டீச்சர்." வேற பதிலே கிடையாது. வாசல்ல நிக்க வைப்பேன். பத்து நிமிஷம்தாம்மா, ரொம்ப எல்லாம் இல்லை. நிக்கும். அழாது. வாய்க்குள்ள எதையோ முணுமுணுத்துக்கிட்டே நிக்கும். வாய்ப்பாடு படிக்குதாக்கும்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அந்தப் பிள்ளை நோட்டுல மொத வரி, 'எந்திரி.' ரெண்டாவது வரி, 'அம்மா மூச்சு விடுதான்னு பார்.' மூணாவதுதான் பல் விளக்கு.

நான் செவப்பு மையால அந்த ரெண்டாவது வரியை அடிச்சேன். பக்கத்துல 'தேவையில்லாத கட்டளை'ன்னு எழுதினேன். ட்ரெயினிங்ல சொல்லியிருந்தாங்க, தேவையில்லாத கட்டளை இருக்கக் கூடாது, அதை எடுத்துடணும்னு. மூச்சு எல்லாரும்தான் விடுவாங்க. அதைப் போய்ப் பாக்கணுமா? நீங்களா இருந்தா என்ன நினைச்சிருப்பீங்க, சொல்லுங்க. ஏதோ அம்மாகிட்ட ஒட்டுதலான பிள்ளைன்னுதானே நினைப்பீங்க?

அக்டோபர்ல லேப்டாப்பைக் குடுத்தேன். நாலு பேருக்கு ஒரு லேப்டாப். அதுல ஒண்ணு சார்ஜ் நிக்காது. அவங்கவங்க சொந்தமா ஒண்ணு செய்யணும்னேன். பூனை கடைக்குப் போய் பரோட்டா வாங்குற மாதிரி ஒரு கோஷ்டி செஞ்சுச்சு. பூனை மரத்துல ஏறி எறங்கத் தெரியாம கத்துற மாதிரி ஒரு கோஷ்டி. சிரிப்பாத்தான் இருந்துச்சு. ஆனா கிளாஸ்ல ஒரே கூச்சல், நான் ஒரு லேப்டாப் பக்கம் போனா இன்னொண்ணுல பூனை காணாமப் போயிரும். எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. டீச்சர் டீச்சர்னு முந்தானையைப் பிடிச்சு இழுக்குதுங்க. இருபத்தாறு வருஷத்துல பிள்ளைங்க முன்னாடி எனக்குத் தெரியலைன்னு நான் சொன்னதே இல்லம்மா. அந்த மூணு மாசத்துல மனசுக்குள்ள தினம் நூறு தடவை சொல்லியிருப்பேன். வெளிய சொல்லலை.

அந்தச் சார்ஜ் நிக்காத லேப்டாப்புல இலக்கியா தனியா உக்காந்து செஞ்சுச்சு. பூனையை எடுத்துட்டு ஒரு பொம்பளைப் படம் வரைஞ்சு வச்சிருந்துச்சு, செவப்புச் சேலை. கட்டைகளை அடுக்கியிருந்த அழகைப் பாக்கணுமே. 'அம்மா விழுந்தால்' அப்படின்னு மேல. அதுக்கு உள்ள, ஒருக்களிச்சுப் படுக்க வை. பக்கத்துல இருக்கிற பாத்திரத்தைத் தள்ளி வை. கதவைச் சாத்து. ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் எண்ணு. அம்மா எழுந்தால் தண்ணி குடு. பள்ளிக்கூடம் போ.

நான் அசந்து போயிட்டேன். 'என்றால்' கட்டைக்குள்ள இன்னொரு 'என்றால்' கட்டை! எனக்கே அது ட்ரெயினிங்ல ரெண்டு தடவை தப்பாச்சு.

"இது என்ன விளையாட்டுடி?"ன்னு கேட்டேன். கட்டையைச் சரி பண்ணிக்கிட்டே இருந்துச்சு.

"ஒளிஞ்சு பிடிச்சு விளையாட்டா? அதுக்குத்தான் நூறு எண்ணுறதா?"

தலையை ஆட்டுச்சு. ஆமான்னா இல்லையான்னா, எப்படி ஆட்டுச்சுன்னு இப்ப நினைச்சுப் பாக்குறேன், ஞாபகம் வர மாட்டேங்குது.

அப்புறம் அதுவே கேட்டுச்சு. "டீச்சர், நூறு எண்ணுன பிறகும் எந்திரிக்கலைன்னா என்ன போடணும்?"

நான் சொன்னேன், "மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணு. அதுக்குத்தான் திரும்பச் செய்னு ஒரு கட்டை இருக்கே."

"எத்தனை தடவை டீச்சர்?"

பாருங்க, இந்த இடம்தான். எத்தனை தடவைன்னு ஒரு நம்பர் போடலாம். ஆனா அன்னைக்கு முந்தின வாரம்தான் நான் நோட்டைப் பாத்துப் பாத்து ஒரு கட்டையைக் கண்டுபிடிச்சு வச்சிருந்தேன். 'வரை'ன்னு இருக்கும். ஒண்ணு நடக்குற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யும். அதை யாருக்காவது சொல்லிக் குடுக்கணும்னு எனக்கு ஆசை. இந்தப் பிள்ளையைத் தவிர யாருக்கும் புரியாது. அதனால பக்கத்துல உக்காந்து, அது கையைப் பிடிச்சு அந்தக் கட்டையை இழுத்து வச்சேன். "எந்திரிக்கிற வரைக்கும் எண்ணு. இப்ப சரியா?"

"நடுவுல நிறுத்தக் கூடாதா டீச்சர்?"

"நிறுத்தினா எப்படி? எந்திரிக்கிற வரைக்கும்னு போட்டா எந்திரிக்கிற வரைக்கும்தான். நடுவுல விட்டா ப்ரோக்ராம் கெட்டுப் போயிரும்."

சரின்னுச்சு. கிளாஸையே எந்திரிச்சு நின்னு அதுக்குக் கை தட்டச் சொன்னேன். அன்னைக்குத்தாம்மா அந்தப் பிள்ளை சிரிச்சு நான் பாத்தேன். முன்பல் ஒண்ணு விழுந்து முளைச்சுக்கிட்டிருந்துச்சு.

டிசம்பர்ல ஆபீசர் பாக்க வர்றார்னாங்க. பாக்கியநாதன் சார் ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்துட்டு, "இலக்கியாவோடதுதான் மொதல்ல காட்டணும், ஆனா அம்மா விழுறது என்னத்துக்கு டீச்சர்? நல்ல நாளும் அதுவுமா, பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். பூனையையே வச்சிருங்க"ன்னார். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. மாத்துன்னேன். பிள்ளை செவப்புச் சேலைப் பொம்பளையை எடுத்துட்டுப் பூனையை வச்சுச்சு. பூனை விழுந்தால். பூனை எழும் வரை.

ஆபீசர் நல்ல மனுஷர். கீழ குனிஞ்சு உக்காந்து பிள்ளைங்ககூடப் பேசினார். பூனை விழுந்துச்சு, திரையில நம்பர் ஓடுச்சு, எழுந்துச்சு, தண்ணி குடிச்சுச்சு. "மூணாங்கிளாஸ் பிள்ளையா இதைச் செஞ்சது!"ன்னு என்னைப் பாத்தார். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இலக்கியா அவர்கிட்டயும் கேட்டுச்சு. "சார், எந்திரிக்கவே இல்லைன்னா?"

அவர் சிரிச்சுக்கிட்டே, "சார்ஜ் தீர்ந்து லேப்டாப் நின்னுரும் பாப்பா"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். அதுவும் சிரிச்சுச்சு.

எனக்கு சர்டிபிகேட் குடுத்தாங்க. போட்டோ எடுத்து டீச்சர்ங்க குரூப்ல போட்டாங்க, இருநூறு பேர் வாழ்த்துச் சொன்னாங்க. மறுநாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும், மலர்க்கொடி வாசல் கேட் பக்கத்துல வந்து நிக்குது. மொத தடவையா. உள்ள வாங்கன்னேன், வரலை. சேலைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டு நிக்குது. நெத்தி ஓரத்துல ஒரு தழும்பு.

"டீச்சர், பிள்ளை என்னமோ படம் போட்டுச்சாமே."

"ஆமா, பெரிய ஆபீசரே பாராட்டினார். பூனை விழுந்து எந்திரிக்கிற படம்."

"பூனைதானா? அம்மான்னு எதுவும் போடலையே?"

"மொதல்ல அப்படித்தான் போட்டுச்சு. நான்தான் வேண்டாம், மாத்துன்னேன்."

அது என் கையைப் பிடிச்சுக்கிச்சு. "நல்லது டீச்சர். நல்லது பண்ணீங்க. இந்த ஊர்ல ஒண்ணு தெரிஞ்சா..." அப்படின்னுச்சு. என்ன தெரிஞ்சான்னு நான் கேட்டேனான்னா, கேக்கலை. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒரு அம்மா மொத தடவையா வந்து நன்றி சொல்றாங்கன்னு சந்தோஷத்துல போயி பஸ் ஏறிட்டேன்.

வலிப்பும்மா. அந்தப் பொம்பளைக்கு வலிப்பு, எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க போல, புருஷன் வீட்டுல தெரிஞ்சு பேச்சு வார்த்தை வந்து, தனிக்குடித்தனம் வந்துட்டாங்க. ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது. மாத்திரையைப் பருப்பு டப்பாவுக்குள்ள வச்சிருக்கும். எப்பவும் விடியக்காலையிலதான் வருமாம். பிள்ளைக்கு அஞ்சு வயசுலயே சொல்லிக் குடுத்திருக்கு, கதவைச் சாத்து, யாரையும் கூப்பிடாத, நூறு எண்ணு, அதுக்குள்ள அம்மா எந்திரிச்சிருவேன்னு. எந்திரிச்சிரும். எந்திரிச்சு, தண்ணி குடிச்சு, அந்தப் பிள்ளைக்குத் தலை வாரி விட்டு அனுப்பும். அதுதான் லேட்டு. அதுக்குத்தான் நான் வாசல்ல நிக்க வச்சேன்.

எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லலையேம்மா. நோட்டுல எழுதினது எல்லாம் சொன்னதா ஆகுமா? ஆகும்னு நீங்க நினைக்கிறீங்களா? நினைச்சா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த ரெண்டாம் நாள், ஒரு புதன்கிழமை. இலக்கியா வரலை. பக்கத்து ஒன்றியத்து டீச்சர்ங்க எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து பாக்குறதா இருந்துச்சு அன்னைக்கு. பூனையை ஓட்டிக் காட்ட அந்தப் பிள்ளை வேணும். எனக்கு வந்துச்சே கோவம். ஒம்பதே முக்காலுக்கு அவங்க அம்மா நம்பருக்குப் போன் போட்டேன். முழு ரிங்கு போச்சு. எடுக்கலை. மறுபடியும் போட்டேன். எடுக்கலை. இப்படியும் ஒரு அம்மாவான்னு பாக்கியநாதன் சார்கிட்ட சத்தமா சொன்னேன். பிள்ளைங்க எல்லாம் கேட்டுச்சு.

அந்த நேரத்துல அந்தத் தெருவுல யாரும் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. பதினொண்ணரை வாக்குல பக்கத்து வீட்டு பாப்பாத்தி திரும்பி வந்திருக்கு. சாத்தின வீட்டுக்குள்ளேருந்து பிள்ளைக் குரல் கேக்குது. கம்மிப் போன குரல். எழுபத்தி மூணு, எழுபத்தி நாலுன்னு. என்னடா இது, பள்ளிக்கூட நேரத்துல பிள்ளை வீட்டுல பாடம் படிக்குதேன்னு தள்ளித் தொறந்து பாத்திருக்கு.

ஒருக்களிச்சுத்தான் படுக்க வச்சிருந்துச்சாம். தலைக்குக் கீழ பாவாடையை மடிச்சு வச்சு. பாத்திரமெல்லாம் தள்ளி வச்சு. பாப்பாத்தி கத்தினதுகூட அதுக்குக் காதுல விழலை, எண்ணிக்கிட்டே இருந்துச்சாம். அம்மாவைத் தூக்கினப்பத்தான் நிறுத்துச்சாம்.

ஆம்புலன்ஸ் வெரசாத்தான் வந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மூணாம் நாள் உயிர் போயிருச்சு. வலிப்பு விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்திருக்கு, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். பாக்கியநாதன் சார்தான் விசாரிச்சுட்டு வந்து சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகலை. போகணும்னு ரெண்டு நாளும் கிளம்பினேன். போகலை.

எடுக்குற அன்னைக்குப் போனேன். டீச்சர்ங்க மூணு பேரும் மாலை வாங்கிட்டுப் போனோம். அப்பாக்காரர் அப்பத்தான் மலேசியாவுலேருந்து வந்து எறங்கி ஒரு மூலையில உக்காந்திருந்தார். காலுல ஷூவைக்கூடக் கழட்டலை. பிள்ளையை அது சித்தி மடியில வச்சிருந்துச்சு. என்னைப் பாத்ததும் பிள்ளை எந்திரிச்சு வந்துச்சு. எல்லாரும் அழுகுறாங்க, அது அழலை. கிட்ட வந்து என் கையைத் தொட்டு, ரகசியம் பேசுற மாதிரி,

"நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணேன் டீச்சர். நடுவுல நிறுத்தவே இல்லை. போன் அடிச்சுச்சு, எடுக்கலை."

நான் அது உயரத்துக்குக் குனிஞ்சேன்.

"ஆனா ஒரு தடவை எண்பத்தொம்பதுக்கு அப்புறம் எண்பதுன்னு எண்ணிட்டேன் டீச்சர். தப்பாயிருச்சு. மறுபடி மொதல்லேருந்து எண்ணுனேன். அதனாலதான் அம்மா எந்திரிக்கலையா?"

இல்லைடி தங்கம்னு சொல்லணும். அவ்வளவுதானே? ரெண்டு வார்த்தை. இருபத்தாறு வருஷமா வாயை வச்சுத்தான் சம்பளம் வாங்குறேன். அந்த ரெண்டு வார்த்தை வரலை. அந்த நேரம் யாரோ, பிள்ளையைக் கூப்பிடுங்க, தூக்கப் போறோம்னாங்க. சித்தி வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சு. அது திரும்பித் திரும்பி என்னையே பாத்துக்கிட்டுப் போச்சு. கிளாஸ்ல ஒரு கேள்வி கேட்டுட்டு, டீச்சர் பதில் சொல்லுவாங்கன்னு பாக்குமே, அந்தப் பார்வை.

நான் இதை யார்கிட்டயும் சொல்லலை. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. பாக்கியநாதன் சாருக்குத் தெரியாது. ஊர்ல எல்லாரும், பாவம் சின்னப் பிள்ளை, பயத்துல என்ன பண்ணறதுன்னு தெரியாம எண்ணிக்கிட்டு உக்காந்திருச்சுன்னு பேசிக்கிறாங்க. நானும் ஆமான்னு தலையாட்டுறேன்.

இப்பச் சொல்லுங்க. நான் கேக்கணும்னது இதுதான். உங்க வேலையில, ஒண்ணு முடியவே மாட்டேங்குது, திரும்பத் திரும்ப ஓடிக்கிட்டே இருக்குன்னா என்ன பண்ணுவீங்க? அதுக்குன்னு ஏதாவது கட்டை இருக்கா?

ம்.

ம். அப்ப இத்தனை தடவை, இவ்வளவு நேரம்னு மொதல்லயே ஒரு அளவு போட்டிருவீங்க. அதைத் தாண்டினா நிறுத்திட்டு, ஆளுக்குத் தகவல் போயிரும். எல்லாத்துலயும் அது இருக்குமா? சின்ன ப்ரோக்ராம்லகூடவா? மொதல்ல எழுதக் கத்துக்கிறதே அதானா?

அது எங்களுக்குச் சொல்லலையேம்மா. ரெண்டு நாள்ல அது வரலை. நான் நோட்டைக்கூடத் திரும்ப எடுத்துப் பாத்துட்டேன். வரலை. ஒரு வேளை நான் டீ குடிக்கப் போனப்ப சொல்லியிருப்பாங்களோ? இல்லை. டீ உக்காந்த இடத்துக்கே வந்துச்சு.

நீங்க சொல்லாம இருந்தாலும் உங்க மூஞ்சியில தெரியுது. ப்ரோக்ராம்ல இல்லாட்டி என்ன, ஒரு மனுஷியா எனக்குத் தோண வேண்டாமா, அதுதானே? எந்திரிக்கலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடுன்னு, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லும். எனக்குத் தோணலை. பிள்ளை கேட்டது வீட்டைப் பத்தி, நான் பதில் சொன்னது கட்டையைப் பத்தி. அப்ப எனக்குக் கட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அந்தக் கட்டையைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சும்மா.

இந்த வருஷமும் நான்தான் கோடிங் எடுக்குறேன். வேண்டாம் சார்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னேன். "சர்டிபிகேட் வாங்கின ஆளு நீங்க, உங்களை விட்டா யாரு"ங்கிறார். வேற பள்ளிக்கூடத்து டீச்சர்ங்களுக்கு நானே ட்ரெயினிங் குடுக்கணும்னு இப்ப லிஸ்ட்டுல பேரு வந்திருக்கு. 'வரை' கட்டை வந்தா அதை மட்டும் தாண்டிட்டுப் போயிடுறேன். போன வாரம் ஒரு பிள்ளை, போன வருஷம் எங்க அக்கா எழுதின நோட்டுல இருக்கே, நீங்க ஏன் எங்களுக்குச் சொல்லலைன்னு கேட்டுச்சு. பரீட்சைக்கு வராதுன்னுட்டேன்.

அப்பாக்காரர் முப்பது நாள் இருந்துட்டு மலேசியாவுக்கே போயிட்டார். இலக்கியாவை அந்தச் சித்தி கூட்டிட்டுப் போயி வச்சிருக்கு. அறந்தாங்கியில, மார்க்கெட்டுக்குப் பின்னாடி தெரு. டி.சி. வாங்க வந்தப்ப அட்ரஸ் எழுதிக் குடுத்துச்சு, பச்சை கேட்டு போட்ட வீடாம். பிள்ளை பள்ளிக்கூடம் போகுதாம், சாப்பிடுதாம், எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம். ராத்திரி மட்டும் தூக்கத்துல நம்பர் சொல்லுதாம். எண்பத்தொம்பது வந்ததும் முழிச்சுக்குதாம். "கணக்குல பிள்ளைக்கு ரொம்ப ஆசை போல டீச்சர்"னு சித்தி சொல்லுது. நான் கையெழுத்து வாங்கிட்டு டி.சி.யைக் குடுத்தேன்.

அந்தப் பிள்ளையைப் பாக்கத்தாம்மா கிளம்பி வந்திருக்கேன் இப்ப. இது மூணாவது தடவை. மொத தடவை பஸ் ஸ்டாண்டுல எறங்கி, ஒரு டீ குடிச்சு, அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். ரெண்டாவது தடவை மார்க்கெட் வரைக்கும் போனேன். கால் கிலோ திராட்சை வாங்கினேன். பச்சை கேட்டுகூடத் தெரிஞ்சுது. திராட்சையை பஸ்ஸுலயே உக்காந்து நான் தின்னுட்டேன்.

என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். மனப்பாடமா இருக்கு. நீ எண்ணினது தப்பில்லைடி, எண்பது எண்பத்தொம்பதுங்கிறதெல்லாம் ஒண்ணும் இல்லை, உன்னால இல்லைன்னு சொல்லணும். சொல்லிருவேன். ஆனா அந்தப் பிள்ளை அதோட விடாது. அது கேள்வி கேக்குற பிள்ளை. என்னால இல்லைன்னா அப்ப யாரால டீச்சர்னு கேக்கும். எனக்குத் தெரியும், கேக்கும். அப்ப நான் என்ன சொல்றது?

இந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு போல. எல்லாரும் எந்திரிக்கிறாங்க.

நீங்களும் இங்கதானே எறங்குறீங்க? அவசர வேலை இருக்கா? இல்ல, கேக்குறேன். மார்க்கெட்டுக்குப் பின்னாடிதான், அஞ்சு நிமிஷ நடை. என்கூட அந்த வீட்டு வாசல் வரைக்கும் வர்றீங்களாம்மா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கதவை நானே தட்டுறேன். தட்டிட்டு நான் திரும்பி நடந்தா, கையை மட்டும் பிடிச்சுக்கங்க.